போரோமிரோட கைக்கவசம் எங்க போச்சு? ஃபேன்டசி படத்துல காஸ்ட்யூம் பாக்கப் பழகறது எப்படி

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முதல் பாகத்த நான் மொத தடவ பாத்தது வீட்ல இருந்த சின்ன டிவில, விளம்பரத்துக்கு நடுவுல நடுவுல, அதனால கதை புரிஞ்சுது, அவ்ளோதான். ரெண்டு வருஷம் கழிச்சு ஃப்ரெண்டு ஒருத்தன்கூட உக்காந்து திரும்ப பாத்தேன். அவங்க அப்பா டைலர், இவனும் ஸ்கூல் விட்டு வந்தா கடையில காஜா எடுக்கறது, பட்டன் கட்டறதுன்னு உக்காந்துருவான். கடைசில காண்டோர் நாட்டு வீரன் போரோமிர் செத்துப்போறான், அவன் உடம்ப படகுல அனுப்பிட்டு, அந்த நாட்டு சிம்மாசனத்துக்கு வாரிசான அரகார்ன் கரையில நின்னு பேசிட்டிருக்கான், இவன் என் கையில இருந்த ரிமோட்ட புடுங்கி பாஸ் பண்ணிட்டான். "டேய், அவன் கைய பாருடா. அது அவனோடது இல்ல, செத்தவனோடது."

பாத்தேன். முழங்கைக்கு கீழ மணிக்கட்டு வரைக்கும் கட்டற தோல் கவசம், அதுல ஒரு மரம் பொறிச்சிருக்கு, அது காண்டோர் நாட்டோட வெள்ளை மரம். படம் முழுக்க போரோமிர் கையில இருந்தது. இப்ப அரகார்ன் பேசிக்கிட்டே அத தன் கையில இறுக்கிக் கட்டறான். யாரும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல. "நான் ராஜாவாகப் போறேன்"னு அவன் சொல்லல, சொல்லவும் மாட்டான், ஏன்னா அந்தப் பட்டத்துக்கு பயந்து ஓடினவன் அவன். ஆனா வாய் சொல்லாதத கை சொல்லிருச்சு.

அன்னைலருந்து எனக்கு ஃபேன்டசி படம் பாக்கற விதமே மாறிப்போச்சு. இந்தக் கட்டுரை அந்த மாதிரி பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு, டிசைன் படிச்சிருக்க வேண்டாம், துணியப் பத்தி தெரிஞ்சிருக்கவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க: டிரெஸ் அழகா இருக்கா இல்லையாங்கறது நம்ம கேள்வியே இல்ல, எப்ப மாறுது, யார் கையால மாறுதுங்கறதுதான் கேள்வி.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஏற்கனவே பாத்த படத்த எடுங்க. இது முக்கியம், புதுப் படத்துல ஆரம்பிச்சா கதை நம்மள இழுத்துட்டுப் போயிரும், துணிய பாக்க நேரமே இருக்காது. கதை மனப்பாடமா தெரிஞ்ச படம்னா கண்ணு ஃப்ரீயா இருக்கும். போன்ல பாக்காதீங்க, லேப்டாப்போ டிவியோ, ரூம் லைட்ட அணைச்சிருங்க. சில சீன் மட்டும் சத்தத்த ம்யூட் பண்ணி பாருங்க, மியூசிக் போயிருச்சுன்னா நமக்கு அழுகை வந்ததுக்கு காரணம் வயலினா துணியான்னு தெரிஞ்சிரும். கையில ஒரு நோட்டு, ஒரு பேனா.

படி 1: முதல் சீனையும் கடைசி சீனையும் பக்கத்துல பக்கத்துல வைங்க

ஒரே ஒரு கேரக்டர். அந்த ஆள் முதல்ல வர்ற ஷாட்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட், கடைசியா வர்ற ஷாட்ல ஒண்ணு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டு ரெண்டையும் பாருங்க.

பழகறதுக்கு ஈசியானது பழைய ஸ்டார் வார்ஸ் மூணு படம். அது சயின்ஸ் ஃபிக்‌ஷன்தானேன்னு கேப்பீங்க, விண்வெளிக் கப்பல எடுத்துட்டுப் பாத்தா மந்திரவாதி, வாள், இளவரசி எல்லாம் இருக்கற அசல் ஃபேன்டசிதான் அது. 1977 படத்துல ஹீரோ லூக் போட்டிருக்கறது வெள்ளை நிறத்துல ஒரு தொளதொள சட்டை, வயல் வேலை பாக்கற பையன். அந்தப் படத்துக்கு ஜான் மோலோ ஆஸ்கரே வாங்கினார். 1983ல வந்த மூணாவது படத்துல லூக் உள்ள நுழையும்போதே தலையிலருந்து கால் வரைக்கும் கறுப்பு. அவங்க அப்பன், வில்லன் டார்த் வேடரும் கறுப்பு. இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி வருதுல்ல, பையன் அப்பன் வழியிலயே போறானா? படம் வாய் விட்டுக் கேக்கறதுக்கு முன்னாடி சட்டை கேட்டுருச்சு.

இன்னும் கிட்டப் போய் பாருங்க. ரெண்டாவது படத்துல அப்பன் அவன் வலது கைய வெட்டிட்டார், அங்க இப்ப இயந்திரக் கை. மூணாவது படத்து ஆரம்பச் சண்டையில அந்தக் கையில சுட்டுர்றாங்க, அவன் அத மறைக்க ஒரு கறுப்பு கிளவ்ஸ் மாட்டறான். கடைசிச் சண்டையில கோவம் தலைக்கேறி அப்பனோட கைய இவன் வெட்டறான், அதுவும் இயந்திரக் கை, ஒயர் எல்லாம் தொங்குது. அத பாக்கறான். அப்புறம் குனிஞ்சு தன்னோட கிளவ்ஸ் போட்ட கைய பாக்கறான். வாள தூக்கிப் போட்டுர்றான். மூணு படத்துக் கதை ஒரு கிளவ்ஸ்ல வந்து நிக்குது. அந்தச் சண்டைக்கு அப்புறம் அவன் கழுத்துப் பக்கம் சட்டை மடிப்பு ஒண்ணு பிரிஞ்சு விழுந்திருக்கும், உள்ள லைனிங் வெளிர் நிறம். வெளிய கறுப்பு, உள்ள அந்த வயக்காட்டுப் பையன் இன்னும் இருக்கான். இதெல்லாம் சும்மா பாத்தா கண்ணுக்கே படாது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சாத்தான் தெரியும்.

படி 2: மாறுற சீன தேடுங்க

ரெண்டு ஷாட்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு சீன்ல அந்த டிரெஸ் மாறியிருக்கும். அந்த சீன்தான் நமக்கு வேணும். அங்க நிறுத்தி, மாறுனதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

அரகார்னுக்கே திரும்ப வர்றேன். போரோமிர் முதல்ல இவன ஒத்துக்கவே இல்ல, காண்டோருக்கு ராஜாவே தேவையில்லன்னு சபையிலயே சொன்ன ஆளு. சாகும்போது இவன ராஜான்னு கூப்பிட்டுத்தான் சாகறான். அடுத்து கவசம் கைமாறுது. அதுக்கப்புறம் மூணாவது படத்துல, எதிரி நாட்டோட கறுப்பு வாசலுக்கு முன்னாடி படையோட நிக்கறப்போ அரகார்னோட நெஞ்சுக் கவசத்துல அதே மரம் பெருசா இருக்கும். மணிக்கட்டுல ஆரம்பிச்சது நெஞ்சுக்கு வந்துருச்சு, இரவலா வாங்குனது சொந்தமாயிருச்சு. இதுக்கு நடுவுல ரெண்டு படம் ஓடியிருக்கு, அவ்ளோ பொறுமையா இத செஞ்சிருக்காங்க. காஸ்ட்யூம் நைலா டிக்சன், கவசம் ஆயுதமெல்லாம் ரிச்சர்ட் டெய்லரோட வேட்டா வொர்க்‌ஷாப், மூணாவது படத்துக்கு ரெண்டு பேரும் சேந்து ஆஸ்கர் வாங்குனாங்க. அரகார்னா நடிச்ச விகோ மார்ட்டென்சன் தன் காஸ்ட்யூம் கிழிஞ்சா தானே உக்காந்து தச்சுக்குவாராம், காட்டுல தனியா சுத்தறவனுக்கு வேற யாரு தச்சுக் குடுப்பா?

ஒரு எச்சரிக்கை. துணி மாறுற இடமெல்லாம் மனசு மாறுற இடம் இல்ல. முதல் பாகத்துல பனி மலை ஏறும்போது எல்லாரும் கனமா போத்திக்கறாங்க, அது குளிருக்கு, அதுல தத்துவம் தேடாதீங்க. கதை அந்த இடத்துல திரும்புதான்னு பாருங்க, திரும்பலன்னா விட்டுருங்க.

சில படம் வரிசைய மாத்தியும் காட்டும். நம்ம எல்லாரும் பாத்த பாகுபலி அப்படித்தான். 2015ல வந்த முதல் பாகத்துல தேவசேனாவ நாம பாக்கறதே சங்கிலியோட, நரைச்ச முடியோட, கந்தலோட, சுள்ளி பொறுக்கிட்டு. 2017ல ரெண்டாவது பாகத்துலதான் குந்தள தேசத்து இளவரசியா பட்டு கட்டி நிமிந்து நிக்கறத காட்டறாங்க. வரிசைப்படி காட்டியிருந்தா அந்தப் பட்டு வெறும் பட்டு. கந்தல பாத்துட்டு வந்ததால, அவ சிரிக்கற ஒவ்வொரு சீன்லயும் நமக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வருது. அதனால ஸ்க்ரீன்ஷாட் வைக்கும்போது ரெண்டு வரிசையிலயும் வச்சுப் பாருங்க, படம் காட்டற வரிசை ஒண்ணு, அந்த ஆளோட வாழ்க்கை வரிசை ஒண்ணு.

படி 3: யார் குடுத்தது?

புதுசா பாக்கறவங்க எல்லாரும் விடற கேள்வி இதுதான். பரிசா? திருடுனதா? செத்தவங்களோடதா? யாராவது பலவந்தமா மாட்டிவிட்டதா? இதுக்கு பதில் எழுதுனாலே பாதி வேலை முடிஞ்சுது.

2024ல வந்த விக்கட் (Wicked) படத்துல சூனியக்காரியோட கூர்த் தொப்பிய பாருங்க. உலகத்துல சின்னக் குழந்தைக்கும் அந்தத் தொப்பி தெரியும், அத வரைஞ்சாலே சூனியக்காரிதான். அந்தப் படத்துல அது எங்கருந்து வருது தெரியுமா, க்ளிண்டாங்கற பொண்ணு தனக்குப் பிடிக்காத ஒரு அசிங்கமான தொப்பிய, பாட்டி குடுத்தது, கூடப் படிக்கற எல்ஃபபா தலையில, பின்னாடி சூனியக்காரின்னு பேர் வாங்கப் போறவ அவதான், கட்டி விடறா, பார்ட்டிக்கு போட்டுட்டு வந்தா எல்லாரும் சிரிப்பாங்கன்னு. எல்லாரும் சிரிக்கவும் செய்றாங்க. ஆனா எல்ஃபபா அத கழட்டி எறிஞ்சுட்டு ஓடல, அதோடயே தனியா ஆடறா, க்ளிண்டாவுக்கு வெக்கமாகி அவளும் வந்து கூட ஆடறா. அவமானமா வந்தது நட்பா மாறிருச்சு. கடைசில அதே தொப்பியோட துடைப்பத்துல ஏறிப் பறக்கறப்போ ஊரே பயப்படுது. தொப்பி ஒரு நூல் கூட மாறல, அர்த்தம் மூணு தடவ மாறியிருக்கு. பறக்கறதுக்கு முன்னாடி அவ தோள்ல கறுப்பு அங்கிய போத்தி விடறதும் க்ளிண்டாதான். அந்த ஊர் பயந்து நடுங்கப் போற உருவத்த கூட இருந்த தோழிதான் ஒவ்வொண்ணா மாட்டி விட்டிருக்கா, எனக்கு அந்த சீன எத்தன தடவ பாத்தாலும் தொண்டை அடைக்கும். டிசைனர் பால் டேஸ்வெல், 2025ல ஆஸ்கர் வாங்குனார், காஸ்ட்யூமுக்காக அத வாங்குன முதல் கறுப்பின ஆண் அவர்தான்.

படி 4: கிழிசல், அழுக்கு, கறை

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க. சினிமால அழுக்கு தானா வர்றதில்ல, ஒருத்தர் உக்காந்து பண்றாங்க. புதுத் துணிய உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, துவைச்சுத் துவைச்சு சாயத்த எடுத்து, டீத்தூள் தண்ணியில முக்கி, முட்டியிலயும் முழங்கையிலயும் மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்ச்சு பழசாக்குவாங்க, ஏஜிங்னு சொல்வாங்க. படத்த கதை வரிசையில ஷூட் பண்றதில்ல, இன்னைக்கு கிளைமாக்ஸ், நாளைக்கு முதல் சீன், அதனால ஒரே சட்டைய புதுசா ஒண்ணு, லேசா கசங்குனது ஒண்ணு, நார் நாரா கிழிஞ்சது ஒண்ணுன்னு பல காப்பி தச்சு வச்சிருப்பாங்க. இத தெரிஞ்சுக்கிட்டு லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல மந்திர மோதிரத்த அழிக்கப் போற ஃப்ரோடோவ பாருங்க. சொந்த ஊரான ஷையர்ல வெயிஸ்ட் கோட்டு, பட்டன் எல்லாம் போட்டு நல்ல வசதியான வீட்டுப் பையன். எதிரி நாடான மோர்டோர்ல மலை ஏறும்போது கிட்டத்தட்ட சட்டையும் டவுசரும் மட்டும்தான் மிச்சம். மோதிரம் அவன் மனச தின்னுட்டே வருது, அத உள்ள போய் காட்ட முடியாது, அதனால வெளிய இருக்கற துணிய ஒவ்வொண்ணா எடுத்துட்டே வர்றாங்க.

ஆனா அழுக்குன்னா எப்பவும் வீழ்ச்சின்னு முடிவு பண்ணிராதீங்க. கில்லர்மோ டெல் டோரோவோட பான்ஸ் லாபிரிந்த், 2006. கதை நடக்கறது 1944ல ஸ்பெயின்ல, உள்நாட்டுப் போர் முடிஞ்சும் காட்டுல சண்டை ஓயல. ஒஃபிலியாவுக்கு அவ அம்மா பச்சைக் கவுன் ஒண்ணு ரெடி பண்ணி, மேல வெள்ளை ஏப்ரன், பளபளன்னு ஷூ, அன்னைக்கு ராத்திரி மாற்றாந்தகப்பன் கேப்டனோட விருந்துல அழகா நிக்கணும்னு. இவ காட்டுக்குள்ள ஒரு பழைய அத்தி மரத்துக்கு அடியில புகுந்து பெரிய தவளைய பாக்கப் போறா. போறதுக்கு முன்னாடி கவுன கழட்டி பத்திரமா கிளையில மாட்டறா, அதப் பாருங்க, அவ கெட்ட பொண்ணு இல்ல, அம்மா குடுத்தத காப்பாத்தத்தான் பாக்கறா. காத்து அத சேத்துல தள்ளிருது. விருந்தும் போச்சு. அப்புறம் குளிக்கற தொட்டியில உக்காந்திருக்கறப்போ அம்மா திட்டறாங்க, என்னைவிட உங்கப்பாவுக்குத்தான் வருத்தம் ஜாஸ்திங்கற மாதிரி. கேப்டனுக்கான்னு இவ உறுதி பண்ணிக்கறா. அம்மா அந்தப் பக்கம் போனதும் இவ மூஞ்சியில ஒரு சின்ன சிரிப்பு. அந்த சேறு அவளோட முதல் கலகம்.

இப்ப எதிர்ப்பக்கம் அந்தக் கேப்டன பாருங்க. பூட்ஸ அவரே பாலிஷ் போடறார், அவரே ஷேவ் பண்ணிக்கறார், யூனிஃபார்ம்ல ஒரு சுருக்கம் கிடையாது. படத்துலயே சுத்தமான ஆள்தான் படத்துலயே கொடூரமான ஆள். கடைசிப் பக்கம் அவர் வீட்ல வேலை பாக்கற மெர்சிடிஸ் அவர் வாயக் கிழிச்சுர்றா, கண்ணாடி முன்னாடி நின்னு ஊசி நூல் வச்சு தன் கன்னத்த தானே தைக்கறார். என் டைலர் ஃப்ரெண்டு இந்த சீன்ல மட்டும் கண்ண மூடிக்குவான். துணியில ஒரு கிழிசல்கூட விடாத ஆளு, கடைசில தோல்ல தையல் போடற நெலமை.

படி 5: மாறாதது எது?

1939 விசார்ட் ஆஃப் ஓஸ். சுழல்காத்து தூக்கிட்டுப் போய் கலர் கலரா ஒரு உலகத்துல போட்டும் டோரதி அதே நீலக் கட்டம் போட்ட கவுன்லயே முழுக்க சுத்தறா. சுத்தி எல்லாம் மாறுது, அவ மாறல, ஏன்னா அவளுக்கு வீட்டுக்குப் போகணும். மாறுறது செருப்பு மட்டும்தான், சிவப்பு சீக்வின் வச்ச ஷூ, வீட்டுக்குப் போற வழியும் அதுக்குள்ளதான் இருக்கு. 1900ல வந்த நாவல்ல அது வெள்ளி ஷூ, டெக்னிகலர்ங்கற அந்தக் காலத்து கலர் முறையில சிவப்பு எடுப்பா தெரியும்னு மாத்திட்டாங்க. அதாவது அந்தச் சிவப்புக்கு முதல் காரணம் கேமரா. இத ஏன் சொல்றேன்னா எல்லாத்துக்கும் ஆழமான காரணம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு போயிராதீங்க, தொழில்நுட்பம், பட்ஜெட், நடிகர் ஓட வசதியா இருக்கணும், இதுவும் காரணம்தான்.

படி 6: நிறத்துக்கு அகராதி கிடையாது

சிவப்புன்னா கோவம், வெள்ளைன்னா தூய்மைன்னு லிஸ்ட் போட்டு சொல்றவங்கள நம்பாதீங்க. லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல கெட்ட மந்திரவாதி சாருமானும் வெள்ளைதான், செத்துத் திரும்பி வந்த நல்ல மந்திரவாதி கண்டால்ஃபும் வெள்ளைதான். நிறத்த அந்தப் படத்துக்குள்ளயே இன்னொண்ணோட ஒப்பிட்டுத்தான் படிக்கணும்.

பிங்க் நிறம் எவ்ளோ பயங்கரமா இருக்கும்னு ஹாரி பாட்டர் அஞ்சாவது படத்துல தெரியும், 2007ல வந்தது. அம்ப்ரிட்ஜ் டீச்சர் வரும்போது மென்மையான பிங்க், ஸ்கூல்ல அவங்க கை ஓங்க ஓங்க பிங்க் ஏறிட்டே போகும், கடைசில கண்ணு கூசும். அவங்க மனசு கொஞ்சம்கூட மாறல, அதிகாரம்தான் வளருது. டிசைனர் ஜானி டெமீம். அவங்க இந்த வரிசைக்குள்ள வந்தது 2004ல மூணாவது படத்துல, அதுவரைக்கும் பசங்க யூனிஃபார்ம் ஒழுங்கா போட்டிருப்பாங்க, அந்தப் படத்துலருந்து டை தொங்குது, சட்டை வெளிய வருது, ஒரே யூனிஃபார்ம ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி போடறாங்க. வயசு பதிமூணு ஆயிருச்சுன்னு வசனம் தேவையே இல்ல. யூனிஃபார்ம் வர்ற படம் கிடைச்சா விடாதீங்க, ஒரே மாதிரி உடையிலதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.

படி 7: எழுதுங்க

"காஸ்ட்யூம் சூப்பர்"னு எழுதாதீங்க. ஒரு கேரக்டருக்கு நாலு வரி போதும்: என்ன பொருள், எந்த சீன்ல வந்துச்சு, யார் குடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்த ஆள் முன்னாடி செய்யாத எதச் செய்யறார். நாலாவது வரிக்கு பதில் வரலன்னா நீங்க பாத்தது வெறும் அலங்காரம், அடுத்த பொருளுக்குப் போங்க. லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல ரோஹன் நாட்டு ராஜகுடும்பத்துப் பொண்ணு இயோவினுக்கு நான் எழுதுனது இது: "ரோஹன் வீரனோட கவசம், ஹெல்மெட். மூணாவது படத்துல போருக்குப் போறப்போ. யாரும் குடுக்கல, போகக்கூடாதுன்னு சொன்னாங்க, தானே எடுத்து மாட்டிக்கிட்டா. எந்த ஆணும் கொல்ல முடியாதுன்னு சொன்னவனுக்கு முன்னாடி ஹெல்மெட்ட கழட்டி, முடி விழ நின்னு, குத்தறா." எழுதி முடிச்சப்பறம்தான் எனக்கே உறைச்சுது, மத்தவங்களுக்கெல்லாம் போட்டுக்கற சீன்தான் திருப்பம், இவளுக்கு கழட்டற சீன். உடனே கேள்விய மாத்தி நோட்டுல மேல எழுதிக்கிட்டேன்: போட்டத மட்டும் இல்ல, கழட்டுனதையும் பாக்கணும்.

வாரத்துக்கு ஒரு படம், ஒரு ஆள், நாலு வரி. மொத வாரத்துக்கு லூக்க எடுங்க, கிளவ்ஸ் மாட்டற சீன்லருந்து ஆரம்பிங்க, அது விண்கலம் ஓட்டிட்டுப் போறப்போ சட்டுனு வந்து போயிரும், கண்ணச் சிமிட்டாதீங்க.